செக்கிங் மூன்று மணி நேரம்

கண்டிக்குப் போகும் பஸ்கள் இரண்டை என் கண் முன்னாலேயே போகவிட்டேன். விமான நிலையத்துக்கு வெளியே நடத்துநர்கள் "நுவர, நுவர, நுவர" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். நுவரெலியா பஸ்ஸில் மட்டும் ஏறிவிடாதே, மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாய் என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். நானும் பிடிவாதமாக நின்றேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர்தான் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"எங்க போறீங்கள்?"

"கண்டிக்குங்க."

"அப்ப ஏன் நிக்கிறீங்கள்? நுவர எண்டால் கண்டிதான். சிங்களத்தில அப்பிடித்தான் சொல்லுறவை. ஓடிப்போய் ஏறுங்கோ."

ஒரு சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கியதில் காலைப் பொழுதில் பாதி போயிற்று. அப்போது அதை வேடிக்கையாகத்தான் நினைத்தேன்.

நான் போனது பெரியம்மாவைக் கூட்டிவர. அம்மாவின் ஒரே அக்காள். இரண்டு பேரும் பிறந்தது கண்டிக்கு மேலே, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்த காலத்தில், தாத்தா குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது. பெரியம்மா அதற்கு முந்தின தையில்தான் கல்யாணமாகிப் போயிருந்தாள். அவள் புருஷன் வீட்டுக்கு இலங்கை என்று வந்தது. அம்மா அப்போது பாவாடை கட்டிய சிறுமி. கண்டி ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவளும் விடாமல் கூடவே ஓடிவந்தாளாம். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்மா அழமாட்டாள். "அப்புறம் மேடை முடிஞ்சு போச்சு" என்பாள். அதோடு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

பிறகு சண்டை வந்தது, வறுமை வந்தது, போகலாம் போகலாம் என்று வருஷங்கள் ஓடின. இப்போது அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திருச்சியை விட்டு எங்கேயும் நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அக்காளும் தங்கையும் பேசிக்கொள்வார்கள். போனை வைத்ததும் அம்மா சொல்வாள், "மொகத்தைத்தான் பாக்குறேன். ஒருவாட்டி தொட்டுப் பாத்துட்டா தேவல."

தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பெரியம்மாதான் வர வேண்டும். வரத்தான் கிளம்பினாள். அவள் மகள் சாந்தி அக்கா பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட் போட்டு, கூடவே பஸ் ஏறினாள். கண்டி தாண்டி, கடுகண்ணாவை இறக்கத்தில் பெரியம்மா தலை சுற்றுகிறது என்று இறங்கியவள், எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவின் இதயம் இனி ரொம்ப நாள் தாங்காது என்று சொன்ன வாரம்தான் நான் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். எங்கள் படையில் லீவு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். உரித்துவிட்டேன்.

நான் திருச்சி விமான நிலையப் பாதுகாப்புப் படையில் இருக்கிறேன். இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ஊருக்குப் போனாலும் கண் வேலையை விடாது. கண்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு சாக்குப் பை தனியாக உட்கார்ந்திருந்தது. ஆள் இல்லை. இரண்டு ஊர் தாண்டியும் யாரும் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்று, "இது யாரோடது? இந்தப் பை யாரோடது?" என்று சத்தம் போட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. படியில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்த சிங்களப் பெரியவர் வந்து, சாக்கின் வாயை விரித்துக் காட்டி, "கொஸ், கொஸ்" என்றார். பலாப்பிஞ்சுகள். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார், "பலாக்காய்க்குக் காத்து வேணாமாம், அவருக்குத்தான் வேணுமாம், அதான் சீட்டை அதுக்குக் குடுத்துட்டாராம்." கண்டி வரும்வரை நான் ஜன்னலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

சாந்தி அக்கா டவுனில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் வேலை முடியும்வரை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் உட்கார்ந்தேன். கல்லாவில் இருந்த பெரியவர், "வாங்க மகள், இரிங்க. திருச்சியா? எங்கட வாப்பா சாரம் வாங்க அங்கதான் போற" என்றார். சாரம் என்றது லுங்கியை. தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், அப்பளம். தேங்காய்ப்பால் இல்லாத கறி ஒன்றுகூட இல்லை. சாம்பார் இல்லாத சாப்பாட்டை எங்கள் ஊரில் நோயாளிக்குத்தான் கொடுப்பார்கள். நான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பருப்பின் மணம் எங்கள் வீட்டு மணம். அம்மா ஏன் பருப்பில் தேங்காய்ப்பால் ஊற்றுகிறாள் என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை.

ஹந்தானைக்கு ஏறும் பாதையில் எங்கள் இரண்டு பேரோடும் ஆட்டோ மூச்சு வாங்கியது. கீழே கண்டி சுருங்கிக்கொண்டே போயிற்று. ஏரி ஒரு கைக்குட்டை அளவுக்கு வந்தபோது லயம் தெரிந்தது. தகரக் கூரை போட்ட ஒரே வரிசை வீடுகள். வீட்டுக்கு ஒரே அறை, அதுதான் காம்பரா; முன்னால் ஓர் ஒட்டுத் திண்ணை. அந்தத் திண்ணையை இஸ்தோப்பு என்கிறார்கள். அதில் பெரியம்மா நின்றிருந்தாள். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நேரே என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள்.

"நகமெல்லாம் அவளுதுதான். இந்தா சாந்தி, பாரு. அதே சப்ப நகம்."

சாயத்தண்ணி வந்தது. பால் ஊற்றாத தேநீரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கூட ரொட்டியும் கட்டச்சம்பலும். நான் ஒரு கையால்தான் சாப்பிட்டேன். மற்றக் கையை அவள் விடவே இல்லை. அம்மா இங்கே இருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பு சம்பலைவிட உறைத்தது. பயணத்தைப் பற்றி அன்று நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

மறுநாள் காலையில் சங்கு ஊதியது. பெண்கள் கூடையோடு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே பெரியம்மா கேட்டாள்.

"நீ ஏர்போட்ல என்னா வேல செய்யிற? டிக்கட்டு கிழிக்கிறியா?"

"இல்ல பெரியம்மா. பாதுகாப்பு வேலை. காலைல பரேடு நிப்போம். அதுல யார் யாருக்கு எந்த எடம்னு பிரிச்சு விடுவாங்க."

"அட, ஒங்களுக்கும் பெரட்டா?" என்று சிரித்தாள். "இந்தா போறாளுகளே, இவளுகளும் பெரட்டுக்குத்தான் போறாளுக. பேரு கூப்புட்டு, எந்த மலையில கொழுந்து எடுக்கணும்னு சொல்லுவாங்க."

பரேடு என்ற சொல் தேயிலைக்குள் புகுந்து பெரட்டு ஆகியிருந்தது. அவளும் நானும் ஒரே தொழில் என்பது போல எனக்கு ஒரு குஷி. வாய் நீண்டது. எங்கள் வேலை முழுவதையும் விரித்தேன். வாசலில் ஒருவர் டிக்கெட்டையும் ஆளின் முகத்தையும் ஒத்துப் பார்ப்பார். ஒருவர் பைகளுக்குள் இருப்பதைத் திரையில் பார்ப்பார், இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரே ஆளை அங்கே உட்கார வைக்க மாட்டார்கள், கண் ஏமாற்றிவிடும். ஒருவர் ஓடுபாதைச் சுவரைச் சுற்றி வருவார். மோப்ப நாய் உண்டு, அதற்கும் எங்களைப் போலவே ஷிப்ட் உண்டு. கேட்பாரில்லாமல் ஒரு பை கிடந்தால் யாரும் தொடக்கூடாது, ஆட்களை விலக்கிவிட்டு அதற்கென்று இருப்பவர்களைக் கூப்பிட வேண்டும்.

"பலாக்கா இருந்தாலுமா?" என்றாள் சாந்தி அக்கா. பஸ் கதையை அவளிடம் சொன்னது தப்பு.

"நீ எந்த எடத்துல நிப்ப?" என்று கேட்டாள் பெரியம்மா.

"நான் பொம்பளைங்களைச் செக்கிங் பண்ணுவேன் பெரியம்மா."

பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டாள். எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் ஏதோ வேலை இருப்பது போலக் குனிந்துகொண்டாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

மத்தியானம் வரை அவள் என்னிடம் பேசவில்லை. லயத்துக்குப் பின்னால் அவள் போட்டிருக்கும் கீரைப் பாத்திக்கு நானும் போய், கேட்காமலே களை பிடுங்கினேன். பிடுங்கியதில் பாதி கீரை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு வாய் திறந்தது.

"விடு, விடு. ஒனக்குத் தெரிஞ்ச வேல அது இல்ல." பிறகு மண்ணைப் பார்த்தபடியே சொன்னாள். "சண்டைக் காலத்துல ஒரு நாளு டவுன்ல சாமான் வாங்கிட்டு வாறோம். வழியில பஸ்ஸ நிப்பாட்டி எல்லாத்தையும் எறங்கச் சொன்னாங்க. செக்கிங்னாங்க. மறைப்பு ஒண்ணும் இல்ல. நட்ட நடு ரோடு. நம்ம தோட்டத்து ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் வரிசையா நிக்கிறாங்க. எஞ் சீலையில குத்தியிருந்த ஊக்கெல்லாம் ஒண்ணொண்ணாக் கழட்டி ரோட்டுல போட்டா ஒருத்தி. ஒரு வெத்தல போடுற நேரந்தான். அப்புறம் போன்னுட்டாங்க. ஒரு கையில சீல, ஒரு கையில சாமான் பை. அப்புடியே மலையேறி வந்தேன்."

அவளே தொடர்ந்தாள்.

"அதாச்சும் ஒரு வெத்தல போடுற நேரம். இது மூணு மணி நேரமாம்ல?"

"எது பெரியம்மா?"

"ஏர்போட்ல. டிக்கட் போடுற தம்பி சாந்திக்கிட்ட சொன்னுச்சு. செக்கிங் மூணு மணி நேரம், மறந்துறாதீங்கன்னு. நான் பக்கத்துலதான நின்னேன். என்னாலயும் முடியும்னுதான் பஸ் ஏறுனேன். பாதி வழியில முடியல."

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. செக்-இன். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் செக்-இன் என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். அவள் காதில் அது செக்கிங் என்று விழுந்திருக்கிறது. ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் நடந்ததை இத்தனை வருஷம் சுமந்தவள், அதுபோல் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தங்கைக்காகக் கடுகண்ணாவை வரை வந்திருக்கிறாள். நுவர, நுவர என்று கேட்டும் ஏறாமல் நின்ற நான் அவளைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? சிரிப்பு வந்தது உண்மை. அது அழுகையாகத்தான் வெளியே வந்தது.

"ஏம்மா நீ அழுவுற?"

"செக்-இன்னா பெட்டியை ஒப்படைச்சுச் சீட்டு வாங்குறது பெரியம்மா. அதுக்குத்தான் மூணு மணி நேரம் முன்னாடி வரச் சொல்றாங்க. செக்கிங் வேற. அது ஒரு நிமிஷம்."

அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "மறைப்பு இருக்கா?"

"இருக்கு. திரை போட்ட சின்ன அறை. உள்ள ஒரு பொம்பளையும் நீங்களும் மட்டும். ஆம்பள கிட்ட வரவே கூடாது. அதுதான் சட்டம். திரை இல்லைன்னாலும் தனி எடம் கேக்கலாம். கேட்டா குடுத்தே ஆகணும்."

"அங்க சரி, நீ இருப்ப. இங்க?"

நல்ல கேள்வி. எங்கள் வாசலுக்குத்தான் நான் பொறுப்பு சொல்ல முடியும். "இங்கயும் பொம்பளதான் இருப்பா. நான் அடுத்த வரிசையில நிப்பேன்" என்றேன்.

"ஊக்கு?"

"ஊக்கு இருந்தா கருவி கத்தும். கத்துனா என்னன்னு பாப்பாங்க. அவ்வளவுதான்."

"ஊக்க மட்டும் கழட்ட மாட்டேன்."

"கழட்ட வேண்டாம் பெரியம்மா. கத்தட்டும்."

மூன்றாம் நாள் காம்பராவின் குறுக்கே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டேன். அகப்பைதான் கருவி. நான் நாள் முழுக்கப் பேசுவது மூன்று சொல். கையை விரிங்க, திரும்புங்க, போங்க. எத்தனை ஆயிரம் பெண்களிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் முகத்தை நான் பார்ப்பதில்லை. பார்த்தால் வரிசை நகராது.

"காலைக் கொஞ்சம் அகட்டி நில்லுங்க. கையை விரிங்க."

பெரியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விரித்தாள். அகப்பையைத் தோளிலிருந்து கீழே கொண்டுபோனேன். புறங்கையால்தான் தொட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை. புறங்கையால் முதுகைத் தொட்டேன். எலும்பு தட்டியது. கொண்டையைச் சோதிக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்தபோது உச்சந்தலையில், பல வருஷம் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய பள்ளம் தட்டுப்பட்டது. கொண்டை அப்படியே அம்மாவின் கொண்டை, அதே இறுக்கம், அதே எண்ணெய். அப்புறம் எனக்கு முறையெல்லாம் மறந்துபோய்விட்டது. உள்ளங்கையை வைத்தே தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்குச் சேர வேண்டியதை நான் முந்திக்கொண்டு எடுக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"முடிஞ்சுது. திரும்புங்க. போங்க."

இதற்குள் பக்கத்துக் காம்பராப் பெண்கள் மூன்று பேர் போர்வைக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். "எங்களையும் ஒருக்கா பாத்து விடுங்க" என்றார்கள். ஒருத்தி வெளிநாட்டு வேலைக்குப் போகப் போகிறவள். மற்றவர்கள் சும்மா. எல்லாரையும் அகப்பையால் சோதித்து அனுப்பினேன். பெரியம்மா போர்வைக்கு வெளியே நின்று, "கைய நல்லா விரிடி, ஒரு நிமிசந்தான்" என்று அவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

போர்வைப் பழக்கம் போதாது என்று பட்டது. அன்றே சாந்தி அக்காவையும் கூட்டிக்கொண்டு தலதா மாளிகை என்ற பௌத்தக் கோயிலுக்கு இறங்கினோம். அங்கேயும் வாசலில் சோதனை உண்டு. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தும், அந்தச் சோதனைக்கு அஞ்சி பெரியம்மா அதற்குள் போனதில்லை. தாமரைப் பூத்தட்டோடு வெள்ளை உடுத்திய பெண்கள் வரிசையாகப் போனார்கள். பெண்களுக்குத் தனி அறை, வாசலில் திரை. நான் முதலில் போய் வெளியே வந்து நின்றேன். மற்றவர்களைத் தடவிய கைதான் என்னுடையது. என்னைத் தடவியபோது கூசியது. இந்தக் கூச்சத்தை எங்கள் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

பெரியம்மா உள்ளே போனாள். திரை அசைந்தது. வெளியே வந்தாள்.

"இம்புட்டுதானா?"

உள்ளே இருந்த காவல்காரப் பெண் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். சாந்தி அக்கா மொழிபெயர்த்தாள், "மெதுவா போங்கம்மா, படி வழுக்கும்னு சொல்லுது." பெரியம்மா அதை ரொம்ப நேரம் யோசித்தாள். கோயிலுக்குள் கூட்டமும் மேளமும் பொன்னும் இருந்தன. நான் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் அவித்த சோளம் வாங்கித் தின்றோம். கொறித்துக்கொண்டே பெரியம்மா நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம். பஸ் நிற்கும் பக்கம் திரும்பாமல் நேரே போனாள். ரயில்வே ஸ்டேஷன். உள்ளே போய், மேடை நெடுகிலும் நடந்து, சிமெண்டு தீர்ந்து கல்லும் புல்லும் தொடங்குகிற இடத்தில் நின்றாள்.

"கோச்சி இந்தப் பக்கமாத்தான் போச்சு. நானும் ஓடுனேன். கையப் புடிச்சுக்கிட்டே ஓடுனேன்." சோளக் கட்டையைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள். "அப்புறம் மேடை முடிஞ்சு போச்சு."

அச்சு அசல் அதே வார்த்தைகள். இருவரும் கலந்து பேசி வைத்துக்கொண்டது போல. போனில்கூட இதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை என்று எனக்குத் தெரியும். கடல் கடந்த இரண்டு வீடுகளில் இரண்டு பேர் இதே வாக்கியத்தை இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சாந்தி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்பம்மா ப்ளேனு?" என்று கேட்டாள் பெரியம்மா.

மறுநாள் பெட்டி கட்டினோம். பெட்டியைப் பார்த்தாலே என் கண் உள்ளே போய்விடும். பெரியம்மா முடிச்சு முடிச்சாக ஒளித்ததையெல்லாம் தொட்டுப் பார்த்தே சொன்னேன். "இது கொப்பரை. ஆகாது பெரியம்மா. எண்ணெய், தீப்பிடிக்கும்."

"அவளுக்குத் தோட்டத்துத் தேங்கா பிடிக்கும்."

"இது பாக்குவெட்டி. கைப்பையில ஆகாது, பெரிய பெட்டியில போடுங்க."

"அது வரைக்கும் பாக்கு?"

"நறுக்கியே எடுத்துக்குங்க."

"இவ பொறந்ததுல இருந்தே இப்புடியா?" என்று சாந்தி அக்காவிடம் கேட்டாள். தேயிலைத் தூள், மாசிக் கருவாடு, பாசிப்பயறு எல்லாம் போயின. கொப்பரையை மட்டும் மூன்று முறை வெளியே எடுத்தேன். நான்காம் முறை அது பெட்டியில் இல்லை, அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது. அதையும் எடுத்தேன்.

விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கும் முன்னாலேயே போய்விட்டோம். வழியில், கடுகண்ணாவை இறக்கத்தில் பெரியம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நானும் பிடித்துக்கொண்டேன். பஸ் எங்கும் நிற்கவில்லை.

சோதனை வரிசையில் எங்களைப் பிரித்துவிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம். இரண்டு பக்கமும் பெண்கள்தான், தடுப்பும் இருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். அவள் வரவில்லை. உள்ளே கருவி கத்தும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கத்தியது. உள்ளே போக எனக்கு உரிமை இல்லை. எவ்வளவு பதறினாலும் கூட வந்தவரை உள்ளே விடாதே என்று தினமும் நானே சொல்கிறவள். எங்கள் வாசலில் அப்படி நின்றவர்களின் முகங்கள் எனக்கு அப்போதுதான் தெரிந்தன. தடுப்பு ஓரத்திலேயே நின்றேன். ரோட்டில் விழுந்த ஊக்குகள்தான் கண்ணுக்குள் இருந்தன.

திரையை விலக்கிக்கொண்டு பெரியம்மா வந்தாள். முந்தானை இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னாச்சு பெரியம்மா?"

"கத்துச்சு. அந்தப் புள்ள ஊக்கெல்லாம் தடவிப் பாத்துச்சு. ஒண்ணக்கூடக் கழட்டல." அவள் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. "அந்தப் புள்ள சட்டையிலதான் ஒரு பட்டன் தெறிச்சுக் கெடந்துச்சு. கையால புடிச்சுப் புடிச்சு இழுத்து விட்டுக்கிட்டே நின்னுச்சு. பொம்பளப் புள்ள, அப்புடியே எப்புடி நிக்கும்? நானே ஒரு ஊக்கக் கழட்டிக் குத்தி விட்டுட்டு வந்தேன்."

வேலை நேரத்தில் பயணியிடம் எதுவும் வாங்கக் கூடாது. விதி எனக்குத் தெரியும். எங்கள் வாசலாக இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். நானும் குத்திக்கொண்டிருப்பேன்.

விமானம் ஏறி இறங்குவதற்குள் பெரியம்மா ஒரு வாய் பாக்குக்கூடப் போடவில்லை. கடல் என்று காட்டினேன். "இம்புட்டுதானா?" என்றாள். திரையைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தை. இதில் சிரிப்பு இல்லை. கடல் முடியும்வரை ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

அன்று அம்மாவுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். திருச்சியில் வெளிவாசல் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுப் பெண் தள்ள, அம்மா சக்கர நாற்காலியில் வந்திருந்தாள். பெரியம்மா அவளைப் பார்த்துவிட்டாள். பார்த்த இடத்திலேயே நின்றாள். பெட்டி வண்டியை விட்டுவிட்டாள், அது தானாக உருண்டு ஒரு தூணில் முட்டியது. அக்காளும் தங்கையும் இத்தனை வருஷம் கழித்து நேருக்கு நேர் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள்.

அம்மா நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். நடந்தே வந்தாள். முதலில் அக்காளின் தோளைத் தொட்டாள். பிறகு முதுகைத் தடவினாள். இடுப்பைத் தொட்டு, மறுபடி மேலே வந்து, கொண்டையைப் பிடித்துப் பார்த்தாள். உச்சந்தலையில் அந்தப் பள்ளத்தில் கை வைத்தாள். மார்பில் வரிசையாகக் குத்தியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். வாசலில் டூட்டியில் நின்ற என் தோழி வழியை மறிக்காதீர்கள் என்று சொல்ல வந்தவள், சொல்லவில்லை.

அம்மாவின் தலைக்கு மேலாகப் பெரியம்மா என்னைத் தேடினாள். கண்ணெல்லாம் நீர். கை இரண்டும் இன்னும் விரிந்தபடியே இருந்தன.

"முடிஞ்சுதாம்மா? கையக் கீழ எறக்கலாமா?"

"இல்ல பெரியம்மா," என்றேன். "இதுக்குத்தான் மூணு மணி நேரம்."